அமாவாசையை ஒட்டிப் போங்கோ

வணக்கம் அண்ணை,

மகள் வீட்ட நிண்ட நேரம் இங்கிலாந்தில நோர்ஃபோக் கரையில பறவை பாத்ததைப் பற்றி நீங்கள் எழுதினதை வாசிச்சன். வடிவா இருந்தது, ஆனா ஒண்டு கேக்கோணும் போல கிடக்கு. பண்ணைப் பாலத்தில சைக்கிளை நிப்பாட்டினா சும்மா பாக்கலாம், சரசாலையில குருவிக்காடே இருக்கு, உதுக்குக் காசு குடுத்து அந்தக் குளிருக்க பறவை பாக்கிற கொட்டிலுக்குள்ள போய்க் குந்தோணுமோ? தை மாசம் நானும் லண்டனுக்குத் தம்பி வீட்ட போறன். போறதெண்டா எங்க, எப்ப?

ஒரு வாசகர், கொக்குவில்

---

அன்புள்ள தம்பி,

பறவைக்காக மட்டும் எண்டா போகத் தேவையில்லை. ஊசிவால் வாத்து மாரிக்கு அங்கயும் வருது இஞ்சயும் வருது, அதே சாதிதான். பூநாரை விஷயத்தில அவை எங்களுக்குக் கிட்டவும் வரேலாது. நான் உங்களைப் போகச் சொல்லுறது அங்கத்தைச் சேத்தைப் பாக்க.

சிரிக்காதேங்கோ. நோர்ஃபோக் கரையில டிச்வெல் எண்டு ஒரு இடம், நான் முதல்ல அது தானா இருக்கிற சதுப்பு எண்டுதான் நினைச்சனான், பேந்து பாத்தா வயல் மாதிரி வரம்பு கட்டி மதகு வைச்சு, எந்த மாசம் எவ்வளவு தண்ணி நிக்கோணும், எப்ப இறக்கினா சேறு வெளிய தெரியும், எந்தத் திட்டியில முட்டை இடும் எண்டு கணக்குப் பாத்து நடத்தினம். எங்கட கமக்காரர் ஒருத்தரைக் கொண்டுபோய் விட்டா அரை மணித்தியாலத்தில விளங்கிக்கொள்ளுவார். அதிலயும் ஒரு பக்கத்து அணையைக் கடல் அரிச்சுக்கொண்டே வந்திருக்கு, கடைசியா வெளிப்பக்கத்துத் துண்டொண்டைக் கடலுக்கே விட்டுக்குடுத்திட்டு உள்பக்கத்து அணையை உயர்த்தியிருக்கினம், 2011 இல முடிஞ்ச வேலை. கடலோட எவ்வளவுக்கெண்டு மல்லுக்கட்டுறது.

பக்கத்தில கிளை (Cley) எண்ட சதுப்பை 1926 இலயே பறவைக்கெண்டு காசு குடுத்து வாங்கிப்போட்டினம். சரணாலயம் எண்டு பேப்பரில போட்டது எங்களிட்டயும் பழசுதான், சுண்டிக்குளம் 1938 இல வந்தது, 2015 இல தேசியப் பூங்காவும் ஆக்கியாச்சு. ஆனா ஒவ்வொரு நாளும் மதகடியில ஒருத்தர் நிண்டு தண்ணியைப் பாக்கிறது வேற கதை.

இன்னும் ஒண்டு சொல்லோணும். நோர்ஃபோக்குக்குத் தெற்கால சஃபோக் பக்கம் மின்ஸ்மியர் எண்டு ஒரு இடம் இருக்கு. 1940 இல ஜெர்மன்காரன் வந்து இறங்கிடுவான் எண்ட பயத்தில மேய்ச்சல் நிலத்துக்க வேணுமெண்டே தண்ணியை விட்டு நிரப்பினவை. சண்டை முடிஞ்சு 1947 இல பாத்தா, நூறு வருசமா அந்த நாட்டில கூடு கட்டாமல் இருந்த கோணமூக்கு உள்ளான், அதான் சொண்டு மேல வளைஞ்ச கறுப்பு வெள்ளைப் பறவை, அந்தத் தண்ணிக்க வந்து முட்டை இட்டிருக்கு. அங்க இதை எழுதி வைச்சிருந்த போர்டை வாசிச்சிட்டு நான் கனநேரம் அதிலயே நிண்டனான், மகள் வந்து கையைப் பிடிச்சு இழுக்குமட்டும். சனம் விட்டிட்டுப் போன நிலத்தில என்னென்ன முளைக்கும் எண்டு எங்களுக்கும் தெரியும்தானே.

இனி எப்ப எண்ட கேள்வி. இதில நான் பிழை விட்டனான், நீங்கள் விடாதேங்கோ. ஸ்னெற்றிஷம் எண்ட இடத்துக்கு ஆறுதலா மத்தியானம் போய் இறங்கினன், கடல் எங்கயோ கண்ணுக்கெட்டாத தூரம் போட்டுது, கிடந்தது முழுக்கச் சேறு, பறவையெல்லாம் கடுகு மாதிரி. பண்ணையில வத்துக்கும் பெருக்குக்கும் முழங்காலளவு வித்தியாசமே வராது, அந்தப் பழக்கத்தில போனது. அங்க ஆறேழு மீற்றர் ஏறி இறங்குது! பெரிய பெருக்கில சேறு முழுக்க மூடுப்பட, நொட் எண்ட சின்ன உள்ளான் ஆயிரக்கணக்கில ஒண்டா எழும்பித் திரும்பும், வெள்ளையா மின்னும், உடன மறையும், பேந்து கரைக்கு உள்ளுக்க இருக்கிற பழைய கல்லுக்கிடங்குக் குளத்தில வந்து இறங்கும். அதை ரெண்டாந்தரம் போய்த்தான் பாத்தனான்.

பெரிய பெருக்கு அமாவாசை, பறுவத்தை ஒட்டி வரும், உங்கட அம்மாவிட்ட கேட்டா பஞ்சாங்கம் பாத்துச் சொல்லுவா. ரெண்டில அமாவாசைதான் நல்லம், ஏனெண்டா விடியக்காலமை வாத்துக்கூட்டம், ஐஸ்லாந்தில இருந்து வாற இளஞ்சிவப்புக் காலுள்ள பெரிய வாத்து, கத்திக்கொண்டு தலைக்கு மேலால வயலுக்குப் போகும், நிலவு எறிச்சா இரவே போய் மேயத் தொடங்கியிடும், விடிய நீங்கள் வெறும் வானத்தைத்தான் பாப்பியள். நேரத்தை மட்டும் பஞ்சாங்கத்தில பாராமல் அங்கத்தைப் பெருக்கு அட்டவணையில பாருங்கோ.

கிங்ஸ் குரொஸில ரெயின் எடுத்தா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கிங்ஸ் லின், ஸ்னெற்றிஷத்துக்குக் கிட்டின ஸ்ரேசன் அதுதான். ஆனா விடியப்புறம் கரையில நிக்கோணும் எண்டா முதல் நாளே போய்த் தங்கோணும், தம்பியாரைக் காரில கூட்டிக்கொண்டு போகச் சொன்னா இன்னும் சுகம். கொட்டிலுக்குள்ள போனா சத்தம் போட்டுக் கதையாதேங்கோ, ஃபோனையும் அமத்துங்கோ. பக்கத்தில டெலஸ்கோப்போட ஆரும் இருந்தா கொஞ்ச நேரத்தில அவையே பாக்கச் சொல்லித் தருவினம், எனக்கு ஒரு வயசுபோன அம்மா ஸ்டாண்டைப் பதிச்சு என்ர உயரத்துக்கு வைச்சுத் தந்தவ. குடை கொண்டு போகாதேங்கோ, அந்தக் காத்துக்கு நிக்காது. காதை மூடுற தொப்பி ஒண்டும் ரெண்டு சோடி சொக்ஸும் போதும்.