கோழித் தீனியில் வளரும் வாத்துக்குஞ்சுக்குக் கால் ஏன் தளர்கிறது?

கேள்வி: பினாங்கு, நிபோங் தெபால் பக்கம் கம்போங் வீட்டில் இருக்கிறோம். பிறந்து மூன்று வாரமான ஆறு வாத்துக்குஞ்சுகளும் இரண்டு அங்சாக் (பெருவாத்து) குஞ்சுகளும் வளர்க்கிறோம். போடுவது கோழிக்குஞ்சுத் தீனி. மாமியார் அதில் பழைய சோறும் பிசைந்து வைப்பார். நாலு நாளாக இரண்டு வாத்துக்குஞ்சுகள் கொஞ்சம் நடந்ததும் உட்கார்ந்துவிடுகின்றன. தீனியில் குறையா? புல், தண்ணீர் எல்லாம் எப்படிக் கொடுப்பது?

பதில்: முதலில் அந்த இரண்டு குஞ்சுகளைப் பார்ப்போம். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஒன்றைக் கையில் எடுத்து, காலின் நடுவில் பின்பக்கமாக மடங்கும் மூட்டைத் தொட்டுப் பாருங்கள். நன்றாக ஓடும் குஞ்சின் மூட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய்ப்பட்டதன் மூட்டு பருத்திருக்கும், கால் வில்லாக வளைந்திருக்கும். தரையில் விட்டால் இரண்டு மூன்று எட்டு வைத்து, சிறகை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கண் தெளிவாக இருக்கும், தீனிக்குத் தலையை நீட்டும், எழத்தான் முடியாது. இப்படி இருந்தால் பெரும்பாலும் நயாசின் குறைதான். வைட்டமின் பி3 என்பதும் இதையே.

கோழி தன் உணவிலுள்ள ட்ரிப்டோபன் என்ற புரதக் கூறிலிருந்து நயாசினை ஓரளவு தானே செய்துகொள்ளும். வாத்துக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால் கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் நயாசின் இருந்தால் போதும், வாத்துக்குஞ்சுக்கு 55, அங்சாவுக்கு 65 வேண்டும். இரண்டுக்கும் ஒரே தீனி என்று கடையில் சொல்வதை நம்பி எத்தனையோ வீடுகளில் குஞ்சுகள் முடமாகின்றன. மூட்டு வளைந்து இறுகிவிட்டால் திரும்பாது. ஆகவே நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

மருந்துக்கடையில் 100 மில்லிகிராம் நயாசின் அல்லது நிகோடினமைட் மாத்திரை கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை வேண்டாம். ஒரு மாத்திரையைப் பொடித்து மூன்று லிட்டர் குடிநீரில் கலக்கி, எட்டு குஞ்சுக்கும் அதையே வையுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கூடவே ஒரு கிலோ தீனிக்கு 50 கிராம் புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் காய்ச்சும் ஈஸ்ட்) பொடி சேருங்கள். ரொட்டி சுடும் ஈஸ்ட் வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். பொடியைச் சும்மா தூவினால் தட்டின் அடியில்தான் கிடக்கும். தீனியில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறினால் ஒவ்வொரு மணியிலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாதம் வரை இதை விடாதீர்கள். உப்பில்லாமல் அவித்த கெம்போங் மீனை முள் எடுத்து உதிர்த்துப் போட்டாலும் நல்லது. இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) வேண்டாம், அதன் உப்பைக் குஞ்சுகள் தாங்காது.

தரையையும் பாருங்கள். பழைய செய்தித்தாள் விரித்திருந்தால் கால் வழுக்கி விரிந்துபோகும். கோணிச்சாக்கோ ரப்பர் பாயோ போடுங்கள். மூன்று நாளில் தேறாவிட்டாலும், மூக்கு ஒழுகினாலும், கழுத்து தொங்கினாலும் அது வேறு நோய். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

தீனிக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் 20 முதல் 22 சதவீதம் புரதம் வேண்டும். உங்கள் குஞ்சுகள் அதைத் தாண்டிவிட்டன, இனி 16 சதவீதம் போதும். தீனி மூட்டையில் மலாயில் ‘புரோட்டீன் காசார்’ (மொத்தப் புரதம்) என்று அச்சிட்டிருப்பார்கள், அந்த எண்ணைப் பாருங்கள். முட்டைக்கோழித் தீனி மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்து கலக்காத தீனியாகக் கேட்டு வாங்குங்கள். கோழிக்கென்று சேர்க்கும் சில மருந்துகள் வாத்துக்கு ஆகாது.

மாமியார் அன்பாகத்தான் வைக்கிறார். ஆனால் சோறு வயிற்றை நிரப்புமே தவிர, அதில் நயாசின் மிகக் குறைவு. இன்னும் சில வாரம் அதை நிறுத்தச் சொல்லுங்கள். நம் வெயிலில் பிசைந்த தீனி மதியத்துக்குள் புளித்துவிடும், மிச்சத்தைக் கழுவிக் கொட்டுங்கள்.

இதைவிட எனக்குப் பயம் பூஞ்சைதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன, வாத்துக்குஞ்சுகளும் மடிந்தன. தீனியில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சே காரணம். அஃப்ளாடாக்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த நஞ்சைச் சோதிக்கப் பிறகு பிறந்து ஒரு நாளே ஆன வாத்துக்குஞ்சையே பயன்படுத்தினார்கள், அவ்வளவு சீக்கிரம் அதைத் தாக்கும். வேலைக்கு வந்த புதிதில், மழையில் நனைந்த சோள மூட்டையில் கட்டி பிடித்ததை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தேன். இரண்டே நாளில் ஒன்பது குஞ்சு போயிற்று. இன்றும் அது மனதை அறுக்கிறது. மக்கின வாடை லேசாக வந்தாலும் மூட்டையோடு எறிந்துவிடுங்கள். தீனியை மூடியுள்ள பீப்பாயில், பலகை மேல் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

தீனி இருக்கும்போதெல்லாம் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், இல்லையென்றால் தொண்டையில் அடைக்கும். மூக்குத் துளை வரை அலகு முங்கும் ஆழம் தேவை. அப்படி முங்கித்தான் அது மூக்கையும் கண்ணையும் கழுவும். தாயில்லாமல் வளரும் குஞ்சின் தூவலில் எண்ணெய்ப் பசை பற்றாது, நனைந்தால் விறைத்துப்போகும். அதனால் இப்போதைக்குத் தட்டையான பேசினில், ஏறி வரக் கல் வைத்து, வெயில் நேரத்தில் பத்து நிமிடம் விட்டால் போதும்.

அங்சா புல்தின்னி. இப்போதே காலையும் மாலையும் மேயவிடுங்கள். காங்கோங் கீரையைப் பொடியாக நறுக்கியும் போடலாம், கூடவே கொஞ்சம் மணல் வையுங்கள். களைக்கொல்லி அடித்த செம்பனைத் தோட்டத்துப் புல் மட்டும் வேண்டாம். அங்சாவுக்குப் புரதமும் மாவும் கூடினால் சிறகு இறகுகள் எலும்பை முந்தி வளர்ந்து, பாரம் தாங்காமல் சிறகின் நுனி வெளிப்பக்கம் திரும்பிவிடும். அடுத்த சில வாரம் தினமும் சிறகைப் பாருங்கள். தொங்குவது போல் தெரிந்தால் தீனியைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். சிறகை இயல்பாக மடித்து, மென்மையான துணிப்பட்டையால் தளர்வாகச் சுற்றி நாலைந்து நாள் விட்டால் நேராகிவிடும். தினமும் ஒருமுறை அவிழ்த்து, தோல் உரசிச் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.