மஞ்சள் நிற போர் தண்ணீர்: டிடிஎஸ் மீட்டர் போதாது

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பின் அளவு) 480தான் காட்டுகிறது, பிஃபாஸ் (எளிதில் சிதையாத செயற்கை வேதிப்பொருட்கள்) கலந்திருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். டிடிஎஸ் 480 என்பதை வைத்து உங்கள் ராணிப்பேட்டை போர் தண்ணீர் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். எது கலந்திருக்கிறது என்று சொல்லாது.

நீங்கள் பயப்படும் பிஃபாஸ், அமெரிக்க விமானப்படைத் தளங்களில் தீயணைப்பு நுரையிலிருந்து நிலத்தடிக்குப் போனது. அதில் முக்கியமான பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் அங்கே 2024இல் வைத்த வரம்பு, லிட்டருக்குத் தலா 4 நானோகிராம். அந்த அளவில் நிறமே தெரியாது. மஞ்சளுக்குக் காரணம் வேறு. நம் பக்கம் நான் முதலில் சந்தேகப்படுவது குரோமியத்தை. தோல் பதனிடுவதிலும் குரோமேட் தயாரிப்பிலும் மிஞ்சிய கழிவு மண்ணில் இறங்கிய ஊர் இது.

கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெள்ளைத் தாள் மேல் இரவு முழுக்க வையுங்கள். அடியில் செம்பழுப்பாக வண்டல் தங்கி மேலே தெளிந்தால் பெரும்பாலும் இரும்பு. காலையிலும் கலங்காத மஞ்சளாகவே நின்றால், குடிநீர் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். ‘குரோமியம் பார்க்க வேண்டும்’ என்று தனியாகச் சொல்லுங்கள், வழக்கமான சோதனையில் அது விட்டுப்போகலாம்.

முடிவு வரும்வரை குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். காய்ச்சினாலும் குரோமியம் போகாது, வற்ற வற்ற செறிவுதான் கூடும்.

அப்புறம், பக்கத்து வீட்டுத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் சோதிக்கச் சொல்லுங்கள். குடிநீரில் குரோமியத்துக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்; கண்ணுக்கு மஞ்சள் தெரிவதற்குள் அதைப் பல மடங்கு தாண்டியிருக்கும்.