அமைச்சரின் அமெரிக்கப் பயணம்: நிருபர்களுக்கு டூரிஸ்ட் விசா போதுமா?

கேள்வி: எங்கள் துறை அமைச்சர் முதலீட்டாளர்களைச் சந்திக்க செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ செல்கிறார். நான்கு நிருபர்களும் ஒரு வீடியோ குழுவும் உடன் வருகிறார்கள். எல்லோருக்கும் டூரிஸ்ட் விசா எடுத்து, அமெரிக்க ஊடகங்களிலும் செய்தி வரவைப்பதாக ஒரு நிறுவனம் மொத்தத் தொகை பேசுகிறது. நம்பலாமா?
- மக்கள் தொடர்பு அலுவலர், சென்னை

பதில்: இரண்டையுமே நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் செய்தி சேகரிக்கப் போகிறவருக்கு ‘ஐ’ வகை விசா வேண்டும். எட்டு நாள் பயணமானாலும், ஒரே ஒரு பேட்டியானாலும் அதுதான். ‘அரசுப் பயணம்தானே, அரசுக் கடிதம் போதும்’ என்று உங்கள் அலுவலகத்திலேயே யாராவது சொல்வார்கள். மாநில அரசின் சார்பில் போகிறவர்களுக்கு ‘ஏ’ வகை அதிகாரபூர்வ விசாவே கிடையாது. அது நாட்டின் மத்திய அரசுப் பணிக்கு மட்டும். அப்படியிருக்க, உங்கள் கடிதம் நிருபரை எப்படிக் காப்பாற்றும்?

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தரகர்கள் பிழைப்பதே அதை வைத்துத்தான் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். பத்திரிகையாளர் ஒருவர் மாநாட்டில் பங்கேற்பாளராக மட்டும் கலந்துகொண்டு, அதைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை என்றால் சாதாரண வருகையாளர் விசாவில் போகலாம். இதைப் பிடித்துக்கொண்டு, ஏதாவதொரு சங்கத்திடம் அழைப்புக் கடிதம் வாங்கித் தருவார்கள். ஆனால் உங்கள் நிருபர்கள் போவதே எழுதுவதற்காக. ஒரு படமும் நான்கு வரியும் சென்னைக்கு அனுப்பினாலே அந்த விலக்கு போய்விட்டது. விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியிடம் உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பலாம்; பொய் சொன்னால் இனி விசாவே கிடைக்காமல் போகலாம். நான் உடன் சென்ற ஒரு பயணத்தில், ஒளிப்பதிவாளர் ஒருவர் இரவு முழுக்க விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்து அடுத்த விமானத்தில் திரும்பினார். ஏற்பாடு செய்தவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

வீடியோ குழு துறையின் விளம்பரப் படம் எடுக்கத்தான் வருகிறது என்றால் அதற்கு ‘ஐ’ விசாவும் பொருந்தாது. அவர்களை விட்டுவிட்டு, அந்தந்த ஊரிலேயே ஒரு ஒளிப்பதிவாளரை நாள் கூலிக்கு அமர்த்துங்கள்.

நிருபர்களின் நிறுவனக் கடிதங்களை இன்றே வாங்கி விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். கோப்பு திரும்பட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயண ஒப்புதல் மேசை மேசையாக ஊர்ந்து, வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் பெற்று, புறப்படுவதற்குச் சில நாள் முன்புதான் கைக்கு வரும். விசா நேர்காணலுக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாகியும் இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருவர்கூட இல்லை. பழி மட்டும் உங்கள் தலையில் விழும்.

அடுத்து, ‘அமெரிக்க ஊடகச் செய்தி’. காசு கட்டினால் எந்தச் செய்திக் குறிப்பையும் நூற்றுக்கணக்கான இணையதளங்களின் மூலையில் அப்படியே ஒட்டிவிடும் சேவைகள் அங்கே உண்டு. அந்தத் தளங்களின் ஆசிரியர்கள் அதைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பக்கங்களை அச்செடுத்து ஒரு கோப்பாக்கி, அமைச்சரிடம் காட்டிப் பணம் வாங்கிக்கொள்வார்கள். மக்கள் பணம் இப்படிப் போவதை நான் பலமுறை பார்த்து மனம் வெந்திருக்கிறேன். இரு நகரங்களிலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. உள்ளூர்ப் பத்திரிகையாளர் தொடர்புகளை அங்கே கேளுங்கள்.

செய்திக் குறிப்பில் ஒன்றைக் கவனியுங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் உள்ள தொகையை ‘வந்த முதலீடு’ என்று எழுதாதீர்கள். அது வரக்கூடிய முதலீடு. ஆறு மாதம் கழித்துச் சட்டமன்றத்தில் கேள்வி வரும்போது அந்த ஒரு சொல்தான் அமைச்சரைத் துரத்தும்.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். செப்டம்பரில் சிகாகோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், சான் பிரான்சிஸ்கோ பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். முக்கியமான ஒப்பந்தத்தைச் சிகாகோவில் காலை 9 மணிக்கு வையுங்கள். சென்னையில் அப்போது இரவு 7.30, எல்லாப் பதிப்புகளுக்கும் எட்டும். அங்கே இரவு 7 மணி விருந்தில் கையெழுத்திட்டால் இங்கே மறுநாள் காலை 5.30, அதற்குள் பேப்பர் வீட்டு வாசலில் விழுந்திருக்கும்.