கணினி கேள்வி பதில்: நொட்மச்சை வேறு நிரல் மொழியிலிருந்து கூப்பிட

கேள்வி (ஹட்டன்): எங்கள் சங்கத்துக்கு வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் ஓர் உபுண்டு கணினியில், ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் அமைப்பில் இருக்கின்றன. நொட்மச் என்ற மின்னஞ்சல் தேடல் மென்பொருள் கொண்டு தேடுகிறோம். இதே தேடலைப் பைத்தனிலும், அலுவலகத்துக்குள் பாவிக்கும் பீஎச்பீ தளத்திலும் கொண்டுவர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி பைண்டிங் (நொட்மச் லைப்ரரியை அந்த மொழியிலிருந்து அழைக்க உதவும் இணைப்பு நிரல்) எழுதத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பைத்தனுக்கு நொட்மச் திட்டமே பைண்டிங் தருகிறது. ‘பைத்தன்3-நொட்மச்2’ என்ற பொதியை நிறுவுங்கள். பெயரில் 2 இல்லாத பழைய பைண்டிங்கைப் புதிய வேலைக்கு எடுக்காதீர்கள்.

பீஎச்பீக்கு இன்னும் எளிய வழி உண்டு. நொட்மச் கட்டளையைத் தனிச் செயலாக ஓட்டி, விடையை, எந்த நிரலும் எளிதில் வாசிக்கும் ஜேசன் வடிவில் வாங்குங்கள். எந்த மொழிக்கும் இது பொருந்தும். நொட்மச் இடையில் விழுந்தாலும் உங்கள் நிரல் விழாது. ஓர் அலுவலகத் தளத்துக்கு இந்த வேகம் தாராளம். ஆனால் நான்கு இடங்களில் கவனம் தேவை.

பயனர் தட்டிய சொல்லை கட்டளையோடு ஒரே வரியாக ஒட்டி, கட்டளை வரிகளை ஓட்டும் ஷெல்லுக்கு அனுப்பவே கூடாது. யாரோ ஒருவர் அரைப்புள்ளி போட்டு வேறொரு கட்டளையையும் சேர்த்து ஓட்டிவிடலாம். பீஎச்பீ 7.4 முதல் ‘புரொக் ஓப்பன்’ ஃபங்ஷன், கட்டளையைச் சொற்களின் அணியாகவே (அரே) ஏற்கும், ஷெல் இடையில் வராது. தேடும் சொல்லுக்கு முன் இரட்டைக் கோடு (--) இட்டால், கோட்டில் தொடங்கும் சொல் கட்டளையின் தெரிவாக (ஒப்ஷன்) வாசிக்கப்படாது.

வெப் சேவர் வேறொரு பயனர் பெயரில் ஓடும். ஆகவே உங்கள் ஹோம் கோப்புறையில் உள்ள அமைவுக் கோப்பு அதற்குத் தெரியாது. ‘நொட்மச் கொன்ஃபிக்’ என்ற சூழல் மாறியில் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். கடிதங்களையும் தரவுத்தளத்தையும் வாசிக்கும் அனுமதியும் அந்தப் பயனருக்கு வேண்டும். டேர்மினலில் வேலை செய்வது தளத்தில் வெறுமையாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நொட்மச் தரும் ஜேசன் விடை வடிவத்தின் பதிப்பு எண்ணையும் கட்டளையிலேயே குறிப்பிடுங்கள். நீங்கள் கேட்கும் பதிப்பு மிகப் பழையதென்றால் நொட்மச் 20 என்ற வெளியேறு எண்ணோடு நிற்கும், அதற்குத் தெரியாத புதியதென்றால் 21. இரண்டையும் சோதித்துத் தெளிவான பிழைச் செய்தி காட்டுங்கள்.

கடைசியாக, ‘ஷோ’ கட்டளையில் ஜேசன் கேட்டால், ஒரு கடிதத்தைக் கேட்டாலும் அது சேர்ந்த உரையாடல் முழுவதும் வரும். ‘என்டயர் திரெட்’ தெரிவை ‘ஃபோல்ஸ்’ ஆக்கினால் அந்த ஒன்று மட்டும் கிடைக்கும்.

கேள்வி (பண்டாரவளை): நொட்மச்சின் சி மொழி லைப்ரரிக்கு லுவா என்ற நிரல் மொழியில் பைண்டிங் எழுதினேன். சின்னச் சோதனைகளில் நன்றாக ஓடுகிறது. ஆயிரக்கணக்கான கடிதங்களை வாசிக்கும்போது எங்கோ ஓரிடத்தில் ‘செக்மென்டேஷன் ஃபோல்ட்’ (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) என்று விழுகிறது. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்.

பதில்: இடம் மாறி மாறி விழுவதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த லைப்ரரி நினைவகத்தை ‘டாலொக்’ முறையில் வைத்திருக்கிறது. தரவுத்தளத்துக்குக் கீழே தேடல், தேடலுக்குக் கீழே கடிதங்கள். மேலே உள்ளதை விடுவித்தால் கீழே உள்ள அனைத்தும் அதோடு போகும். லயத்தை இடித்தபின் அதில் ஒரு காம்பரா மட்டும் நிற்காது அல்லவா?

பாவனையில் இல்லாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் லுவாவின் குப்பை சேகரிப்புக்கு இந்த உறவு தெரியாது. உங்கள் ஃபங்ஷன் ஒரு கடிதத்தைத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேடலை வைத்திருந்த உள் மாறி அங்கேயே முடிந்துவிடும். அதை யாரும் பாவிக்கவில்லை என்று லுவா எண்ணி விடுவிக்கும். கையில் உள்ள கடிதம் அப்போதே செத்த முகவரியாகிவிடும். சின்னச் சோதனையில் சேகரிப்பு ஓடுவதற்கு முன்பே நிரல் முடிந்துவிடுவதால் பிழை தலைகாட்டாது.

ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு பிள்ளையும் மேலே உள்ள தன் பெற்றோரைப் பிடித்திருக்க வேண்டும். லுவா 5.4 இல் கடிதத்தின் யூசர்டேட்டாவுக்குள் (சி பொருளைத் தாங்கும் லுவாப் பொருள்), அதோடு இணைத்து வைக்கும் மதிப்பான ‘யூசர்வேல்யூ’வாகத் தேடலை வையுங்கள், தேடலுக்குள் தரவுத்தளத்தை வையுங்கள். கடைசிக் கடிதம் உயிரோடிருக்கும்வரை மேலே எதுவும் போகாது. பயனர் தானே தரவுத்தளத்தை மூட விரும்பினால் ‘டெஸ்ட்ரோய்’ வேண்டாம், ‘குளோஸ்’ அழையுங்கள். அது கோப்பை மூடும், நினைவகத்தை விடாது. கூடவே ‘மூடியாயிற்று’ என்று ஒரு குறி வைத்து, ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் அதைச் சோதித்து லுவாப் பிழையாகத் திருப்புங்கள்.

லைப்ரரி தரும் தலைப்பு, அனுப்புநர் போன்ற எழுத்துச்சரங்கள் அதன் சொத்து. நீங்கள் விடுவிக்கக் கூடாது, உடனே லுவாச் சரமாகப் பிரதி எடுங்கள்.

திருத்தியது சரியா என்று பார்க்க, சோதனை நிரலில் ஒவ்வொரு வரிக்கும் பின் சேகரிப்பை வலிந்து ஓட்டுங்கள். மறைந்திருந்த பிழை பத்து வரிக்குள் வெளியே வரும். நினைவகப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்டிலும் ஒருமுறை ஓட்டுங்கள்.

கேள்வி (கொட்டகலை): பைத்தன் நிரலில் எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினால் சில கடிதங்கள் வருகின்றன, சில வருவதில்லை. கண்ணுக்கு எழுத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை.

பதில்: கண்ணுக்கு இல்லை, யூனிகோடில் இருக்கிறது. ‘கொ’வில் உள்ள குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ‘கொட்டகலை’ முதல் முறையில் 8 குறியீடுகள், 24 பைட். இரண்டாம் முறையில் 9 குறியீடுகள், 27 பைட். விசைப்பலகையைப் பொறுத்து இரண்டும் கடிதங்களில் வந்துசேரும். நொட்மச் அடியில் பாவிக்கும் ஸாப்பியன் என்ற தேடல் லைப்ரரி இவற்றை வேறு வேறு சொற்களாகவே அட்டவணையிடும். ‘கோ’, ‘கௌ’ போன்றவற்றுக்கும் இதே கதைதான்.

கடிதங்களைத் தொட வேண்டாம். தேடும் சொல்லைப் பைத்தனின் ‘யூனிகோட்டேட்டா’ கொண்டு என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்த்தது), என்எஃப்டி (இரண்டாகப் பிரித்தது) இரண்டு வடிவங்களுக்கும் மாற்றி, ‘அல்லது’ எனப் பொருள்படும் இணைப்பால் சேர்த்து ஒரே தேடலாக அனுப்புங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘நோர்மலைஸ்’ இதையே செய்யும். சி பக்கத்தில் நீளத்தை எண்ணி எழுத்தை வெட்டும் வரி ஏதும் இருந்தால் அதையும் பாருங்கள். பைட் கணக்கில் வெட்டினால் ஒரு தமிழ்க் குறியீட்டின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே கத்தி விழும், பைத்தன் அந்த இடத்தில் டிகோட் பிழை காட்டும்.