வாசகர் கேள்வி – பதில்: கீபோர்டுக்குள் புது டிஸ்க்

கேள்வி: எங்கள் கோயில் பாடகர் குழுவில் கோர்க் க்ரோனோஸ் இசைக் கீபோர்டு வைத்திருக்கிறோம், 2011-இல் வந்த முதல் மாடல். உள்ளே இருப்பது 30 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்). இடம் தீர்ந்துவிட்டது, இப்போது ஆன் செய்தால் சில நாள் பாதியிலேயே நின்றுவிடுகிறது. 500 ஜிபி வாங்கி, மாட்டி, ஃபார்மட் செய்துவிடலாமா? – வாசகர், தங்கச்சிமடம்

பதில்: மாட்டலாம். ஃபார்மட் மட்டும் வேண்டாம். க்ரோனோஸ் என்பது லினக்ஸில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர். அதன் ஓஎஸ் (அதை இயக்கும் அடிப்படை மென்பொருள்), கம்பெனி ஒலிகள், நீங்கள் சேமித்தவை எல்லாமே அந்த எஸ்எஸ்டியில்தான். வெற்று டிஸ்க்கைப் போட்டால் கீபோர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பழையதை அப்படியே புதியதில் குளோன் செய்ய வேண்டும்.

பாதியில் நிற்பது பழைய எஸ்எஸ்டி சாகப்போவதன் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே அடுத்த முறை ஒழுங்காக ஆன் ஆனதும் டிஸ்க் மோடில் 'சேவ் ஆல்' கொடுத்து எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். செட்லிஸ்ட், ப்ரோக்ராம், சாங், சாம்பிள் பட்டியல் எல்லாம் அதில் வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய ஒலித் தொகுப்புகள் இருந்தால், அவற்றின் ஆதரைசேஷன் கோடையும் கீபோர்டின் பப்ளிக் ஐடியையும் தாளில் எழுதி வையுங்கள்.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை) எஸ்எஸ்டி. சின்னப் பட்டை வடிவ எம்.2 பொருந்தாது. உள்ளே இருக்கும் சாட்டாவின் வேகமே நொடிக்கு 3 கிகாபிட்தான். அதிவேக டிஸ்க்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். என்னைக் கேட்டால் 250 ஜிபியே தாராளம். மலிவு விலையில் கிடைத்த டிஸ்க் என்றால் உண்மைக் கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை முதலில் ஓட்டிப் பாருங்கள். 500 என்று ஒட்டிய ஸ்டிக்கருக்குள் 60 இருப்பதும் உண்டு.

குளோனுக்கு ஒரு கம்ப்யூட்டர், இரண்டு யூஎஸ்பி–சாட்டா அடாப்டர், குளோன்ஸில்லா என்ற குளோன் மென்பொருள் போட்ட பென்டிரைவ் போதும். விண்டோஸில் பழைய டிஸ்க்கைச் செருகினால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும்; லினக்ஸ் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) அதற்குப் புரியாது. கேன்சல் அழுத்துங்கள். குளோன்ஸில்லாவில் டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு என்பதைத் தேர்ந்தெடுக்கும்போது மூலம் எது, இலக்கு எது என்பதைக் கொள்ளளவை வைத்து இருமுறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் பழையது அழிந்துவிடும். வழியில் 'ரீட் எரர்' வந்து நின்றால் அதே வேலையை டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளில் செய்யலாம். படிக்க முடியாத இடத்தைத் தாண்டி மீதியை எடுத்துத் தரும்.

பலர் விழுகிற குழி அடாப்டர். பெரிய ஹார்டு டிஸ்க்குக்கான சில அடாப்டர்கள், டிஸ்க்கின் 512 பைட் செக்டரை (தரவு எழுதும் சிறு கட்டம்) 4096 என்று கம்ப்யூட்டருக்குக் காட்டும். அதன் வழியே எழுதிய பார்ட்டிஷன் கணக்கு, டிஸ்க்கை நேராக சாட்டாவில் மாட்டியதும் பொருந்தாது. 'குளோன் வெற்றி' என்று வந்தும் கீபோர்டு ஆன் ஆகவில்லையா? டிஸ்க்கைக் குறை சொல்லுமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். மேஜைக் கம்ப்யூட்டரின் சாட்டா போர்ட்டுகளிலேயே இரண்டையும் மாட்டிச் செய்தால் இந்தத் தொல்லை கிடையாது.

திறக்கும்போது: பவர் கேபிளைப் பிடுங்கி அரை மணி நேரம் விடுங்கள். கவிழ்த்து வைக்கையில் இரு ஓரங்களிலும் கெட்டி ஃபோம். ஜாய்ஸ்டிக், ஸ்லைடர் மீது எடை விழக் கூடாது. ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் அல்ல. தாளில் கீபோர்டின் அடிப்பக்கம் வரைந்து, கழற்றிய இடத்திலேயே குத்தி வையுங்கள். நம் கரையில் ஸ்க்ரூ தலை துருப்பிடித்திருக்கும்; சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்து, முதலில் சற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்காதீர்கள். பவர் சப்ளை போர்டில் கை வேண்டாம். சாட்டா கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்த பின் மாட்டுங்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து வைத்து இந்த வேலை செய்யாதீர்கள்.

முதலில் குளோனை அப்படியே மாட்டி ஆன் செய்து, எல்லா ஒலியும் வருகிறதா என்று பாருங்கள். இன்னும் 30 ஜிபிதான் காட்டும், தவறில்லை. பிறகு டிஸ்க்கை மறுபடி கம்ப்யூட்டரில் மாட்டி, ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளில் கடைசிப் பார்ட்டிஷனை நீட்ட வேண்டும். அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் (வேறு பார்ட்டிஷன்களை உள்ளடக்கும் வெளிக்கூடு) இருந்தால் வெளிக்கூட்டை முதலில் நீட்டினால்தான் உள்ளது நீளும். கச்சத்தீவுத் திருவிழாவுக்கு முந்தைய வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: யமஹா டைரோஸ் 2-க்கும் இதே முறைதானா? – வாசகர், கீழக்கரை

பதில்: இல்லை, அது சுலபம். அதன் ஓஎஸ் டிஸ்க்கில் இல்லை. வெற்று டிஸ்க்கை மாட்டி கீபோர்டிலேயே ஃபார்மட் செய்யலாம். ஆனால் அதில் இருப்பது சாட்டாவுக்கு முந்தைய 44 பின் ஐடிஇ இணைப்பு. சாட்டா நேராக ஏறாது.

கேள்வி: மூடுமுன் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா? – வாசகர், மண்டபம்

பதில்: வேண்டாம். விசிறியில் சிக்கும், காற்றோட்டமுள்ள பெட்டியில் சில நாளிலேயே ஈரம் குடித்து முடித்துவிடும். கீபோர்டின் உறையில் போட்டு, ஜிப்பை முழுக்க மூடுங்கள்.