பாலைவன ரேஸ்ல புதுசு ஜெயிக்குமா, சிம்பிள் ஜெயிக்குமா?

கேள்வி: ஆஃப் ரோடு ரேஸ் வண்டில புது டெக்னாலஜி போட்டா நல்லதா, இல்ல பழைய மாதிரி சிம்பிளா இருந்தாலே போதுமா சார்?

பதில்: ரெண்டும் ஜெயிச்சிருக்குங்க. 1967-ல மெக்சிகோ பாஹா பாலைவனத்துல நடந்த முதல் ரேஸ்ல ஜெயிச்சது மேயர்ஸ் மாங்ஸ்ங்கற பக்கி (மணல்ல ஓட்டற சின்ன திறந்த வண்டி), அது என்னன்னு பாத்தா ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட அடிப்பாகத்த வெட்டி சின்னதாக்கி மேல ஃபைபர் பாடி மாட்டினது, அவ்ளோதான். காத்துலயே ஆறுற இன்ஜின், ரேடியேட்டரே கிடையாது, அப்புறம் எங்க ஒழுகும்? இன்ஜின் பின்னாடி இருக்கறதால வெயிட் பின் சக்கரத்துல இறங்கி மணல்ல நல்லா பிடிக்கும். 27 மணி 38 நிமிஷத்துல பைக்கையெல்லாம் முந்திட்டு வந்துச்சு!

அந்தப் பக்கம் ஆடி (Audi) கார் கம்பெனி, 2022-ல டாக்கர் ராலிக்கு (பாலைவனத்துல பல நாள் ஓடுற ரேஸ்) எலக்ட்ரிக் மோட்டார்ல ஓடுற வண்டிய இறக்குச்சு, ஓடும்போதே பேட்டரிய சார்ஜ் பண்ண தனியா ஒரு பெட்ரோல் இன்ஜின் வேற. பேட்டரி மட்டுமே 370 கிலோ (நம்ம புல்லட் ரெண்டு வெயிட்டு). மூணாவது முயற்சில, 2024-லதான் அதோட டிரைவர் கார்லோஸ் சைன்ஸ் ஜெயிச்சாரு, அப்போ அவருக்கு வயசு 61.

என்னைக் கேட்டா, ஆடி மாதிரி காசும் மெக்கானிக் பட்டாளமும் இருந்தா புதுசா பண்ணுங்க, இல்லன்னா நடுக்காட்டுல ஸ்பேனர் வெச்சு கழட்டி மாட்ட முடியற வண்டிதான்.