சம்பந்திக்கு மாதம் தவறாமல் வருகிறது, நாங்களும் போடலாமா?

கேள்வி: என் கணவர் அண்மையில் 60 வயதில் ஓய்வு பெற்றார். கையில் 12 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஏற்காட்டில் காப்பி, மிளகுத் தோட்டம் நடத்தும் ஒரு நிறுவனம், முதலீட்டுக்கு மாதம் 1.5 சதவீதம் தருவதாகவும் ஐந்தாண்டில் அசலைத் திருப்புவதாகவும் சொல்கிறது. எங்கள் சம்பந்தி 10 லட்சம் போட்டு, 14 மாதமாக 15,000 ரூபாய் வாங்குகிறார். மத்திய அரசில் பதிவு பெற்ற நிறுவனமாம். எங்களையும் வேனில் அழைத்துப் போய்த் தோட்டத்தைக் காட்டினார்கள். போடலாமா?
- வாசகி, சூரமங்கலம், சேலம்

பதில்: வேண்டாம்.

சம்பந்தி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பணம் வருவது உண்மை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் தவறு. 14 மாதத்தில் அவர் வாங்கியது 2,10,000 ரூபாய். அவர் கொடுத்த 10 லட்சத்தில் மீதி 7,90,000 இன்னும் நிறுவனத்திடம் இருக்கிறது. ஒரு செடிகூட நடாமல், அவர் பணத்தையே எடுத்து அவருக்கு மாதம் 15,000 வீதம் 66 மாதங்கள் கொடுக்கலாம். அதாவது ஐந்தரை ஆண்டு! ஆகவே, 14 மாதம் ஒழுங்காக வந்தது என்பது நல்ல நிறுவனத்துக்கும் பொருந்தும், ஏமாற்று நிறுவனத்துக்கும் பொருந்தும். இரண்டையும் பிரித்துக் காட்டாத ஒன்றை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பிச் செடி நட்டுப் பலன் காண மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதன்பிறகும் ஆண்டுக்கு ஒரு அறுவடைதான். மிளகும் அப்படியே. ஆண்டுக்கு ஒரு முறை காய்க்கும் பயிர், மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் மாதா மாதம் ஒரே தொகையை எப்படித் தரும்? ஏற்காட்டில் தோட்டம் வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப்போய் நீங்கள் பார்த்தது சில்வர் ஓக் மரங்களையும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளையும்தான். அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்த்தீர்களா? சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, பட்டாவையும் வில்லங்கச் சான்றிதழையும் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணைத் தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். (மதிய சாப்பாடு நன்றாக இருந்திருக்கும், சந்தேகமில்லை.)

'மத்திய அரசில் பதிவு' என்பது பாதி உண்மை. எந்தக் கம்பெனியைத் தொடங்கினாலும் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். மக்களிடம் பணம் திரட்ட அது அனுமதி ஆகாது. பலரிடம் பணம் சேர்த்துத் தோட்டம் நடத்தி லாபம் பகிரும் திட்டத்துக்கு, பங்குச் சந்தையையும் இத்தகைய முதலீட்டுத் திட்டங்களையும் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவு வேண்டும். செபி இணையதளத்திலும், ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்திலும் நிறுவனத்தின் பெயரைத் தேடலாம்.

நம் பக்கத்தில் இது புதிதும் அல்ல. பெருந்துறை வட்டாரத்து ஈமு பண்ணைகளிலும் முதலில் பணம் ஒழுங்காகத்தான் வந்தது, 2012-இல் நின்றது. கல்யாண வீட்டில் வரவைப் பற்றிப் பேசுபவர்களைத்தான் நாம் கேட்கிறோம். இழந்தவர் கூச்சத்தால் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இத்தகைய திட்டங்களில் எல்லோருமே லாபம் பார்த்ததுபோல் தோன்றுகிறது.

உங்கள் 12 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். தற்போதைய வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய் கைக்கு வரும். மாதம் 18,000 என்று ஆசை காட்டிய பிறகு இது சிறிதாகத் தெரியும். ஆனால் 18,000-ஐ மறந்துவிட்டு, உங்கள் வீட்டுச் செலவோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு பகுதியை வங்கியில் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

சம்பந்தியிடம் மறுப்பது சங்கடம்தான். 'அஞ்சலகத்தில் போட்டுவிட்டோம்' என்று சொல்லிவிடுங்கள், பேச்சு வளராது. முடிந்தால், அசலில் இரண்டு லட்சத்தை இப்போதே திருப்பிக் கேட்டுப் பார்க்கும்படி அவரிடம் சொல்லுங்கள். இழுத்தடித்தால், ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு காலம் கடத்தாமல் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கட்டும்.